கடற்கொள்ளைக்காரிக்குக் கஞ்சி போட்ட சட்டை

1

எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டிக்கு இந்த ஆகஸ்டோடு இருபத்தொரு வயது முடிகிறது. 1993-இல் திண்டிவனத்தை விட்டு மஸ்கட் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் வாங்கியது. மூன்று வருடம் கழித்துக் கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்தபோது உடுப்புகளைக்கூட அங்கேயே தானம் கொடுத்துவிட்டு இதை மட்டும் கையோடு தூக்கி வந்தேன். பிளக்கை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். பெட்டி இன்னும் சூடாகிறது, நானும்தான்.

எனக்கு எல்லாவற்றையும் இஸ்திரி போட வேண்டும். தலையணை உறை, கைக்குட்டை, கணவரின் பனியன் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், "லூர்து வந்த நாளென்றால் படுக்கை விரிப்பில் கோடு தெரியும்" என்பார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு மகளாக வந்து பிறந்தவள் அமலா. வயது பதினேழு. வேண்டுமென்றே சட்டையைக் கிழித்து, டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, செங்கல்லால் தேய்த்து, மண்ணில் புரட்டி எடுத்து, "இப்பதான் சரியா இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவள்.

இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கடலோரச் சிற்றூர். இங்கே அமலா சேர்ந்திருக்கும் ஒரு குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்டில், துறைமுகத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் கித்தான் கூடாரம் அடித்து நான்கு நாள் தங்குவார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடற்கொள்ளைக்காரர்கள் எப்படி உடுத்தினார்கள், எதில் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று அப்படியே வாழ்ந்து காட்டுவார்கள். பார்க்க ஊரே வரும். சினிமாக் கொள்ளைக்காரன் மாதிரி ஒற்றைக்கண் பட்டி, தோளில் கிளி என்றெல்லாம் போய் நின்றால் விரட்டிவிடுவார்கள். துணி, நூல், பொத்தான், கரண்டி, செருப்பு எல்லாமே அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும்.

இருக்கிறதா என்று சரிபார்க்க மார்கரெட் என்று ஓர் அம்மாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு படிவம் உண்டு. பொருள் என்ன, எதால் ஆனது, அந்தக் காலத்தில் இருந்ததென்று உனக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கட்டம். நான் விசாவுக்கு நிரப்பிய தாள்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. மெஷின் தையல் ஓர் அங்குலம் தெரிந்தாலும் அந்தப் பொருள் கூடாரத்துக்குள் போகாது. கடைசிப் பக்கத்தில், நீ யாராக நடிக்கிறாயோ அந்த ஆளின் கதையை எழுத வேண்டும். பெயர் என்ன, எந்த ஊர், ஏன் ஊரை விட்டுக் கப்பல் ஏறினாய்.

அமலா அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக வைத்திருந்தாள்.

2

அவளுக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை சுமார். காரணம் கொள்ளைக்கூட்டம் இல்லை. கடலில் மூழ்கிய கப்பல்களைத் தேடியெடுக்கிற படிப்பு ஒன்று இருக்கிறதாம். நாட்டின் வடகோடியில், எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில். எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்து, இடமும் வாங்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் வந்து சொன்னாள்.

"உன்ன யாரு அங்க போவச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல," என்றாள். அதோடு அறைக் கதவு சாத்திக்கொண்டது.

இங்கே பிள்ளைகள் பதினெட்டு வயதில் போனால் போனதுதான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சொல்லி என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவளுக்கோ தமிழே பாதிதான் வருகிறது. என் அண்டை அயலில் இருந்தால் அந்தப் பாதியாவது மிஞ்சும் என்று நினைத்தேன். பக்கத்து ஊரிலேயே நல்ல படிப்புகள் இருக்கின்றன என்று தினம் ஒரு தாளை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதன்மேல் டம்ளரை வைத்தாள்.

இப்படி இருக்கும்போது, ஜூலையில் அவளே வந்து, "அம்மா, திண்டிவனம் போலாமா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர்ப்பாசம் என்று நினைத்தேன்.

"இங்க வெயில் இல்ல. என் டிரெஸ் நிறம் போகணும்," என்றாள்.

3

உடுப்பு மொத்தம் மூன்று உருப்படி. காடாத் துணியில் தொளதொளவென்று ஒரு சட்டை, நீலக் கைத்தறித் துணியில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் அகலமான கால்சட்டை, ஒரு கழுத்துத்துணி. துணியை அனுப்பியது திண்டிவனத்தில் நிலக்கடலை மண்டி, எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருக்கும் என் தம்பி செல்வராஜ். ஐந்து மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் கையாலேயே போட்டவள் அமலா. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து நீலத் துணிதான் புதுச்சேரியில் கப்பலேறி ஊரெல்லாம் போனது, அதனால் இது படிவத்தில் செல்லும் என்று மாமாவிடம் விளக்கினாள்.

"ஏம்மா, இவ்ளோ கஷ்டப்பட்டுத் தெச்சுட்டு அத்த ஏன் கிழிக்கிற?" என்று கேட்டான் செல்வராஜ்.

"கொள்ளைக்காரி புதுசு போடமாட்டா மாமா."

"கொள்ளையடிச்சா புதுசுதானே கெடைக்கும்?"

அவள் சிரித்தாள். மாமாவிடம் சிரிக்கிறாளே என்று எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டு வாரம் மொட்டை மாடி அவள் வசம். இரும்பை என்ற ஊரிலிருந்து மாமா பைக்கில் கொண்டுவந்த செம்மண்ணைக் கரைத்து, துணியை முக்கி, வெயிலில் போட்டு, மடிப்புகளில் செங்கல் தேய்த்து, மறுபடி டீத்தண்ணீர். சட்டையின் முழங்கையில் ஒரு கிழிசல். இரண்டு பொத்தான்கள் வேண்டுமென்றே வேறு வேறு மரம். தம்பி மனைவி ஸ்டெல்லா துணி உலர்த்தப் போய்விட்டு வந்து, "அண்ணி, மாடியில பிச்சைக்காரத் துணி கெடக்குது, பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பாத்து எதனா நெனச்சுக்கப் போறாங்க," என்றாள்.

அந்தப் பேச்சு என் மூளையில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்ததோ தெரியாது.

ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது, அமலாவும் மாமாவும் பித்தளை பக்கிள் தேடிப் புதுச்சேரி போனார்கள். வீட்டில் நான் சும்மா இருந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. மாடிக்குப் போனேன். சட்டையை எடுத்தேன். கழுத்துப்பட்டையில் அழுக்கு. என் மகள் இதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பாளா என்று மனசு பதறியது. அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். எதற்காக என்றும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். லேசாக அலசலாம் என்று ஆரம்பித்து, சோப்புத் தூளில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, சட்டைக்கு பிளீச்சிங்கும் சொட்டு நீலமும் காட்டி, முழங்கைக் கிழிசலை மெல்லிய நூலால் இழையோடு இழையாக அடைத்து, மரப் பொத்தானைக் கழற்றி ஸ்டெல்லாவின் பெட்டியிலிருந்து ஒரே மாதிரி ஆறு வெள்ளைப் பொத்தான் தைத்து, அரிசிக் கஞ்சி வடித்து முக்கி, சாயங்காலத்துக்குள் இஸ்திரி போட்டு, கால்சட்டையில் கத்தி மடிப்பு வைத்துக் கட்டிலில் அடுக்கியிருந்தேன்.

அமலா வந்து பார்த்தாள். சட்டையைத் தூக்கினாள். அது தானாக நின்றது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "தேங்க்யூ அம்மா," என்றாள். கடைக்காரருக்குச் சொல்வது போல அத்தனை மரியாதை. பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் போன ஸ்டெல்லா திரும்பி வந்து, "அழுவுது அண்ணி," என்றாள். ஐந்து மாத வேலையை ஒரு பகலில் துவைத்துவிட்டேன். ஊருக்கு வந்தால் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று நம்பி வந்தவள், போவதற்கு ஒரு காரணத்தையும் நானே கையில் கொடுத்துவிட்டேன்.

4

வீட்டில் கூட்டம் போட்டது செல்வராஜ்தான்.

"துணி பழசாவணும், அவ்ளோதானே? நாலு நாளு இருக்குது. நம்ம மண்டியில புதுச் சாக்கே ஒரு வாரத்துல கிழிஞ்சுபூடுது," என்றான்.

மறுநாள் காலையில் என் தம்பி, ஐம்பதை நெருங்கும் மனிதன், தொந்தி பிதுங்க அமலாவின் சட்டையையும் நீலக் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனான். லோடு ஆட்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினான். "என்னாண்ணே, புது டிசைன் பட்டாபட்டியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சீமையில இதான் பேஷன்," என்று பதில் சொல்லியிருக்கிறான். மத்தியானம் வியர்வையும் புழுதியுமாக வந்து நின்றபோது கஞ்சி மடிப்பு காணாமல் போயிருந்தது. ஸ்டெல்லா மல்லாட்டைத் தோலை மூட்டி அந்தப் புகையில் துணியைக் காட்டினாள். வெள்ளைப் பொத்தானை எடுத்துவிட்டு மரப் பொத்தானை நான் மறுபடி தைத்தேன். முழங்கையில் நான் போட்ட ஒட்டுத் தையலை மட்டும் பிரிக்க முடியவில்லை. பிரித்தால் துணியும் கூடவே வரும்போல இருந்தது. அமலா அதைத் தடவிப் பார்த்தாள். சட்டையை மடிக்கப் போன என் கையைப் பார்த்து, "அம்மா, மடிக்காத. சுருட்டு," என்றாள். "என்னால முடியலன்னா ஸ்டெல்லா கிட்ட குடுத்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே சுருட்டினேன்.

உப்புக்கு என்ன செய்வதென்று கேள்வி வந்தது. கப்பலில் இருந்த துணியில் உப்புப் பூத்திருக்க வேண்டும். செல்வராஜுக்குத் தெரிந்த ஏழுமலை என்பவர் பொம்மையார்பாளையத்தில் படகு வைத்திருந்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் அங்கே போனோம். அவர் சட்டையைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"நீ இத வலையில கட்டி இழுக்கிறியா?" என்றாள் அமலா. மரியாதைச் சொல்லெல்லாம் அவளுக்கு வாயில் நிற்காது. நான் பதறி, "கட்டி இழுக்கிறீங்களான்னு கேக்குதுங்க," என்றேன்.

"கேக்கட்டும் விடும்மா. எங்க வூட்டுப் புள்ளைங்க மட்டும் என்னா வாங்க போங்கன்னா பேசுதுங்க," என்றார் அவர். "ரெண்டு மணி நேரம் இழுத்துக்கினு வர்றேன். அப்புறம் அம்மா கண்ணுல இது துணியாவே படாது."

5

படகு போனதும் செல்வராஜ் டீக்கடைப் பக்கம் போய்விட்டான். நானும் அமலாவும் மணலில் உட்கார்ந்தோம். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. "பசிக்குதா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவள் பையிலிருந்து மார்கரெட்டின் படிவத்தை எடுத்தாள்.

"இந்தக் கடைசிப் பக்கம் எனக்கு வரல. ஒரு ஆள் ஏன் ஊர விட்டுப் போறாங்க? அந்தக் காலத்துல நிறையப் பேர பிடிச்சுதான் கப்பல்ல ஏத்துவாங்க. அப்படி எழுதலாம். ஆனா ஈஸியா இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் போன?"

இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி படிக்க வேண்டும், குடும்பத்துக்காகப் போனேன். ஊர் அப்படித்தான் சொல்கிறது. பாதிரியார் ஒருமுறை பூசையிலேயே சொன்னார். செல்வராஜ் இன்றைக்கும் அதை நம்பி என் முன்னால் காலை நீட்டி உட்கார மாட்டான். நானும் இருபத்தொரு வருடமாக மறுத்ததில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துணியைத் துவைத்த குற்றத்தோடு பொய்யையும் சேர்க்க மனம் வரவில்லை.

"விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தேன். வெள்ளச் சேலை. கசங்குனா மேட்ரன் வாசல்லயே நிக்க வெப்பாங்க. அதனால திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் பஸ்ல எடம் இருந்தாலும் உக்கார மாட்டேன். கம்பியப் புடிச்சுக்கினு, எதுமேலயும் சாயாம, நாப்பது கிலோமீட்டரு. பழகிப்போயி வர்றப்பவும் நின்னுக்கினு. மூணு வருஷம்."

"அதான் இஸ்திரியா?" என்றாள்.

"அதான். விக்கிரவாண்டி கிட்ட தெனமும் பெரிய பஸ்ஸுங்க எங்களத் தாண்டிக்கினு போவும். திருச்சி, மதுரன்னு. ஜன்னல்ல தலைய சாச்சுக்கினு ஜனங்க தூங்கிக்கினு போவாங்க. அவங்களப் பாத்தா எனக்கு அப்படி ஒரு வயித்தெரிச்சல். எங்க போறாங்கன்னுகூடத் தெரியாது. நாமளும் அப்படி உக்காந்துக்கினு, ரொம்ப தூரம் போவணும். அவ்ளோதான். மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டதும் வூட்ல யாரையும் கேக்கல. நானே எழுதிப் போட்டேன். அப்பா உடம்பு, தம்பி படிப்பெல்லாம் அப்புறம் வந்து சேந்துக்குனது. யாரும் என்ன அனுப்பல. நான்தான் போனேன்."

சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. அமலா பேனாவைத் திறக்கவே இல்லை.

"பிளேன்ல உக்காந்தியா?"

"உக்காந்தேன். சேலை அப்பளமா நொறுங்கிப் போச்சு. ஒருத்தர்கூட எதுவும் கேக்கல. ஒரே சிரிப்பா வந்துச்சு எனக்கு."

அவள் என் தோளில் சாய்ந்தாள். ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும் அவள் அப்படிச் சாய்ந்து. உன்னை யார் அங்கே போகச் சொன்னது என்று அவளைக் கேட்டவள் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்து சுட்டது. "அந்த வடக்குப் படிப்பு," என்று ஆரம்பித்தேன். "அங்க ரொம்பக் குளுருமாமே."

"குளிரும்."

"சொட்டர் நெறைய எடுத்துக்க."

அவள் பதிலுக்கு என் சேலைத் தலைப்பை எடுத்து, இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கிவிட்டாள்.

6

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்தார். கருவாடும் மல்லாட்டைப் புகையும் உப்பும் சேர்ந்த வாசனை அவர் முகத்தில் அடித்தது. உணவுப்பொருளா என்று கேட்டார். என் உடை என்றாள் அமலா. அவர் அவளை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஜிப்பை மூடினார். அத்தனை வேகமாக எங்களை யாரும் அங்கே அனுப்பியதில்லை.

மார்கரெட் அம்மாள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, தையலாகத் தையலாகப் பார்த்தார். கஞ்சியின் ஒரு துளியாவது எங்கேயாவது மிச்சம் இருந்துவிடப் போகிறதே என்று நான் செபமாலையைக் கைப்பைக்குள் பிடித்திருந்தேன். முழங்கைக்கு வந்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். இந்த ஒட்டுத் தையலைப் போட்டது யார் என்று கேட்டார்.

"அம்மா," என்றாள் அமலா. இதோடு போச்சு என்று நினைத்தேன்.

இத்தனை வருடத்தில் தான் பார்த்த உடைகளிலேயே சரியான ஒட்டு இதுதான் என்றார் அவர். எல்லாரும் கிழிசலோடு வந்து நிற்கிறார்கள், உண்மையான மாலுமி கிழிசலை ஒரு நாள்கூட விடமாட்டான், காற்று அதைப் பெரிதாக்கிவிடும், அவனுக்குப் போட்டுக்கொள்ள வேறு சட்டையும் கிடையாது என்றார். நான் அமலாவைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். படிவத்தில் அந்த ஒட்டுக்கு எதிரே, எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் அவள் என் பெயரை எழுதியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பொத்தானும் பக்கிளும் தேறின. என் மூக்குத்திகூடத் தேறும் என்றார் அந்த அம்மாள். தேறாதது, மகளுக்காக நான் ஒளித்துக் கொண்டுபோன எலுமிச்சை சாதம் அடைத்த எவர்சில்வர் தூக்கு. அது கூடாரத்தில் ஒரு கம்பளிக்கு அடியில் பதுங்கியது. முதல் நாள் காய்ந்த பட்டாணிக் கஞ்சியும் பல் உடைக்கும் ரொட்டியும் தின்ற கொள்ளைக்கூட்டம், இரண்டாம் நாள் ஒவ்வொருவராகக் கம்பளிக்கு அடியில் கைவிட்டதாகக் கேள்வி.

7

பார்வையாளர்களுக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். சாதாரண உடுப்பில் இருப்பவர்கள் அதைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றேன். அமலா இரும்புச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கரி. எனக்குக் கை பரபரத்தது. ஆனாலும் நின்றேன்.

ஒரு பெரியவர் கயிற்றருகே வந்து, எந்த ஊர் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பள்ளியிலும் கடையிலும் அவள் எப்படிப் பல்லைக் கடிப்பாள் என்று எனக்குத் தெரியும். இங்கேதான் பிறந்தேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

திண்டிவனம் என்றாள். அந்த மனிதருக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு முறை, நிறுத்தி, சொல்லிக் கொடுத்தாள்.

உன்னைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்களா என்று பக்கத்தில் நின்ற பெண்மணி கேட்டார்.

"இல்லை," என்றாள் அமலா. "என்னை யாரும் பிடிக்கவில்லை. யாரும் அனுப்பவுமில்லை. என் ஊர்ச் சாலையில் தூரமாகப் போகிற வண்டிகள் தினம் என்னைத் தாண்டிப் போகும். உள்ளே ஆட்கள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள். நான் அப்போதெல்லாம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் உட்கார்ந்து ரொம்ப தூரம் போக ஆசையாக இருந்தது. நானாகத்தான் ஏறினேன்."

என் கதையை நான் முதன்முதலாக அடுத்தவர் வாயால், ஆங்கிலத்தில், வெட்கமில்லாமல் கேட்டேன். செல்வராஜு, நீ இதைப் படிப்பாய். உனக்கு நான் செய்த தியாகம் என்று ஒன்றும் இல்லையடா. இனிமேல் என் முன்னால் காலை நீட்டியே உட்கார்.

பெரியவர் விடவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பிப் போனாயா என்று கேட்டார்.

அமலா தடுமாறினாள். அதை அவள் பொம்மையார்பாளையத்தில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

"வந்துக்கினு போய்க்கினுதான் இருக்கேன்னு சொல்லு," என்றேன் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து.

அவள் உடனே அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. கரிக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தே, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"வந்துக்கினு, போய்க்கினுதான், இருப்பேன்."

அடுத்த மாதம் அவள் வடக்கே போகிறாள். ரயிலில் ஜன்னலோர இடமாகப் பார்த்து நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.